அத்தானும் அழுக்குக் கிண்ணமும்

உலகத்தில் எந்தப் பிரச்சினையாக இருந்தாலும் அத்தானிடம் அதற்கு மூன்று தூண்கள் இருக்கும். கூரை ஒழுகினாலும் மூன்று தூண்கள்தான், அக்காவுக்குத் தலைவலி வந்தாலும் மூன்று தூண்கள்தான். அவர் தூண்களை எழுப்பி முடிப்பதற்குள் மழை விட்டிருக்கும். தலைவலி அக்காவை விட்டு, கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தொற்றியிருக்கும். தொழில் அப்படி. அவர் நிர்வாக ஆலோசகர். கம்பெனி மேலாளர்களை ஓட்டல் அரங்கில் உட்காரவைத்து, அவர்கள் நேற்றுவரை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த வேலையை அவர்களுக்கே விளங்காதபடி விளக்குபவர்.

அப்பேர்ப்பட்டவர், பல் டாக்டரான தன் மைத்துனி கிளினிக்கில் கடல்மீன் தொட்டி வைக்கப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் சும்மா இருப்பாரா? "ஃபில்டர் தேர்வை என்கிட்ட விட்டுடும்மா. உனக்காக இலவசமா பண்றேன்" என்றார். இலவசம் என்ற சொல்லை அவர் உச்சரித்த விதத்தில், கேட்டவர்களே ஏதோ கடன்பட்டுவிட்டதுபோல் உணர்ந்தார்கள்.

பல் டாக்டருக்குத் தொட்டி வேண்டும் என்பதில் விளையாட்டு எதுவும் இல்லை. சொந்தமாகக் கிளினிக் திறந்ததிலிருந்து அவளை வாட்டிய விஷயம் ஒன்றுதான்: நோயாளிகள் வந்தார்கள், ஆனால் உள்ளேயிருந்து துளைப்பான் சத்தம் கேட்டதும், "ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்" என்று வாசலுக்குப் போய், அப்படியே காற்றில் கரைந்துவிடுவார்கள். வரவேற்பறையில் கண்ணை இழுத்துப் பிடித்து உட்காரவைக்க ஏதாவது வேண்டும். அதோடு அவளுக்கென்று ஒரு சொந்தக் காரணமும் இருந்தது. காலையிலிருந்து மாலைவரை, திறக்க மறுக்கும் வாய்களோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். யாரும் கேட்காமலேயே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும் ஜீவன்களைப் பார்த்தால் அவளுக்கு உயிரே வந்துவிடும்.

வண்ணமீன் கடைக்காரரிடம் அப்படி ஒரு ஜோடி இருந்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள். கடையிலேயே வளர்ந்தவை, விலைச்சீட்டு ஒட்டாதவை. கடைக்காரர் கப்பலில் எஞ்சினியராக இருந்து கரையேறியவர். மனிதர்களிடம் அதிகம் பேசமாட்டார், மீன்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறப்பார்.

"பெருசா இருக்கே, அது பொம்பளை. வீட்டை நடத்துறது அவதான். சின்னவன் அவ பின்னாடியே சுத்துவான்" என்றார்.

"நல்ல குடும்பம்" என்றாள் கூட வந்திருந்த அக்கா, அத்தானைப் பார்த்துக்கொண்டே.

அத்தான் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கடைக்காரரின் கையைப் பிடித்து இரண்டு கைகளாலும் குலுக்கிக்கொண்டிருந்தார். கைகுலுக்கல்தான் வணிக உறவின் முதல் தூண் என்பது அவர் கட்சி. அதற்காகவே சட்டைப்பையில் ஒரு கைக்கிரீம் குழாய் வைத்திருப்பார். யாரையாவது சந்திக்குமுன் ஒரு பட்டாணி அளவு பிதுக்கி, இரண்டு கையிலும் பூசிக்கொள்வார். பூ வாசனை ஆளுக்கு முன்னால் போய்த் தகவல் சொல்லும். கடைக்காரர் தன் கையை விடுவித்துக்கொண்டு, முகர்ந்து பார்த்து, இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"என் விஷயம் இதுதான் டாக்டர்" என்றார் அவர். "மெஷினை விப்பேன். மீனை விக்கமாட்டேன், குடுப்பேன். இப்போ கொண்டுபோங்க. வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு வந்து தண்ணியைப் பாப்பேன். சரியா இருந்தா அது ரெண்டும் உங்க வீட்டுப் பிள்ளைங்க. இல்லேன்னா வாளியோட வந்திருப்பேன், கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் அழக்கூடாது."

"எதுக்கு அழப்போறேன்? நல்லாத்தான் வச்சிருப்பேன்" என்றாள் பல் டாக்டர். வாய்ச்சவடால் இல்லை. தொட்டியில் உப்புநீர் கலந்து, பாறை அடுக்கி, வாரக்கணக்காகப் பக்குவப்படுத்தி வைத்திருந்தாள். பாறையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். மீதிப் பாதிக்குத்தான் இயந்திரம்.

கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்று, கறுப்பாக, உருளையாக, மினுமினுவென்று இருந்த டப்பா ஃபில்டர். தண்ணீரை உள்ளே இழுத்து, பஞ்சில் வடிகட்டி, சத்தமில்லாமல் திருப்பி அனுப்பும். இன்னொன்று ஸ்கிம்மர். தொட்டியின் பின்விளிம்பில் தொங்கும் கண்ணாடிக் குழாய். உள்ளே லட்சக்கணக்கில் காற்றுக் குமிழிகள். தண்ணீரில் கரைந்த அழுக்கு குமிழியில் ஒட்டிக்கொண்டு, நுரையாக ஏறி, மேலே உள்ள கிண்ணத்தில் போய் விழும். கடையின் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்கிம்மரின் கிண்ணத்தில் கரும்பழுப்பில் ஒரு திரவம் தளும்பியது. கடைக்காரர் மூடியைத் திறந்து காட்டினார். அத்தான் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி மூன்றடி பின்வாங்கினார்.

"இதை... மக்கள் பாக்குற இடத்துலயா வைக்கிறது?"

"பாக்குற இடத்துலதான் வைக்கணும். நுரை ஏறுதா இல்லையான்னு தெரியணுமில்ல?" என்றார் கடைக்காரர். "டப்பாவுல அழுக்கு உள்ளேயே உக்காந்து அழுகும்; வாரா வாரம் தொறந்து கழுவணும், சோம்பல் பட்டா தண்ணி கெடும். இதுல அழுகறதுக்கு முன்னாடியே வெளிய வந்துடும். அடிக்கடி கிண்ணத்தைக் கொட்டணும். எந்த அழுக்கைத் தொட உங்களுக்கு மனசு வருதோ அதை எடுத்துட்டுப் போங்க."

பல் டாக்டர் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள். அவள் கிளினிக்கில் நோயாளியின் வாயிலிருந்து உறிஞ்சியதெல்லாம் சேரும் ஜாடி ஒன்று உண்டு. மாலையில் அதைத் திறக்கும்போது இதே நிறம், ஏறக்குறைய இதே வாடை. அன்று வேலை நடந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. "எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்றாள்.

"அவசரப்படாதே" என்றார் அத்தான். "நிறுவனத்துக்கு ஒரு பிம்பம் இருக்கு. அழுக்கு இருக்கலாம், தெரியக்கூடாது. இருபது வருஷமா நான் கம்பெனிகளுக்குச் சொல்றது இதைத்தான்."

"அந்தக் கம்பெனியெல்லாம் இப்போ எங்க?" என்றாள் அக்கா.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. முதலில் ஸ்கிம்மரை ஓட்டிப் பார்ப்பது. சரிப்படாவிட்டால் டப்பா. சோதனைக்குத் தலைமை அத்தான். புது ஸ்கிம்மர் பழகி நுரை எழுப்பச் சில நாள் பிடிக்கும், பதறவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார் கடைக்காரர்.

அன்றிலிருந்து அத்தான் தினமும் மாலையில் கிளினிக்குக்கு வந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டுவார். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டுவார். பிறகு, பிரசவம் பார்க்கப் போகிறவர்போல, தொட்டிக்குள் கையை விடுவார். நீரோட்டத்தின் வேகத்தை விரலால் அளப்பதாகச் சொன்னார். குழாயை இரண்டு நூல் உயர்த்துவார், மூன்று நூல் தாழ்த்துவார். "கள ஆய்வு" என்று பெயர். காத்திருந்த நோயாளிகள் பல்வலியை மறந்து பார்த்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் மீன்களை அல்ல, அவரை.

நுரை வரவில்லை. குழாயின் கழுத்துவரை சோம்பலாக ஏறி, பொசுக்கென்று உடைந்து விழுந்தது. பழகட்டும் என்று காத்திருந்தாள் பல் டாக்டர். அத்தான் ஏதோ பயிற்சி வகுப்புக்காக வெளியூர் போனார். அந்த நேரம் பார்த்து, சொல்லிவைத்ததுபோல நுரை கிளம்பியது. கெட்டியாக, வெண்பழுப்பாக, கிண்ணத்துக்குள் ஏறி வழிந்தது. மறுநாள் திறந்தால் குடலைப் புரட்டும் நாற்றம். அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கிண்ணத்தைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினாள். "சாப்பிட்டுட்டு இருக்கேன்டி பாவி" என்று பதில் வந்தது.

அத்தான் திரும்பினார். மாலையில் வந்து கள ஆய்வு செய்தார். மறுநாள் காலை கிண்ணம் காலி. நுரை செத்துக் கிடந்தது.

"பாத்தியா?" என்றார் அவர், வருத்தப்படுகிறவர்போல முகத்தை வைத்துக்கொள்ளக்கூட முயலாமல். "ஒண்ணு, எடுக்கவேண்டியதையெல்லாம் எடுத்து முடிச்சிடுச்சு. அப்படின்னா இனிமே இது தேவையில்லை. இல்லேன்னா இது வேலை செய்யல. அப்படின்னாலும் தேவையில்லை. எப்படிப் பாத்தாலும் டப்பாதான்."

இப்படி இரண்டு பக்கமும் வாசலடைத்துப் பேசுவதற்குத்தான் கம்பெனிகள் அவருக்குச் சம்பளம் கொடுத்தன.

ஆனால் தொட்டி வேறு கதை சொன்னது. தண்ணீரில் அம்மோனியா ஏறுகிறதா என்று பார்க்கச் சின்னக் குப்பியில் சொட்டுமருந்து விட்டுக் குலுக்கினால், நல்ல தண்ணீர் மஞ்சளாகவே இருக்கும். கெடக் கெடப் பச்சைக்கு நகரும். இப்போது குப்பியில் இருந்தது மற்றவர்களுக்கு இன்னும் மஞ்சள்தான். பல் டாக்டருக்கு இல்லை. ஒரு பல்லுக்குப் பக்கத்துப் பல்லின் நிறத்தைப் பொருத்திப் பொருத்தியே கண் பழகியவள். மஞ்சளுக்குள் இருக்கும் பச்சையின் நிழலை அவளிடம் ஒளிக்க முடியாது. பெரிய மீன் பாறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, தீனி போட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னவன் திக்குத்தெரியாமல் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான். பாதித் தண்ணீரை மாற்றினாள். அதனால் நாளைக் கடத்தலாம், ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப்போட முடியாது.

வியாழக்கிழமை மாலை அத்தான் தன் முடிவை அறிவித்தார். வரவேற்பறைச் சுவரில் படம் காட்டினார். 'தெளிந்த நீர், தெளிந்த பார்வை, தெளிந்த நாளை' என்று முதல் படத்தில் இருந்தது. அடுத்ததில் மூன்று தூண்கள். கேட்க இருந்தவர்கள் இரண்டே பேர்: மைத்துனியும் மனைவியும். அக்கா பள்ளிக்கூடத்துக் கணக்குத் தாள்களை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"இறுதியாக" என்று குரலை உயர்த்தினார் அத்தான். அக்கா நிமிர்ந்தாள். "இறுதியாக நான் சொல்ல விரும்புவது..." அக்கா மறுபடி குனிந்துகொண்டாள். இறுதியாக என்று அவர் சொன்னால் இன்னும் நிறைய இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாதா?

கடைசியில் பரிந்துரை வந்தது: ஸ்கிம்மரை அகற்றுக, டப்பாவை நிறுவுக. பல் டாக்டரின் கையையும் தன் மனைவியின் கையையும் முறைப்படி குலுக்கிவிட்டுக் கிளம்பினார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் மெஷின் இருக்கட்டும் அத்தான். அதுக்கப்புறம் நீங்க சொன்னபடி பாக்கலாம்" என்றாள் அவள். டப்பாவை மாட்டிவிட்டுக் கடைக்காரர் முன்னால் நிற்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. நுரை ஒருமுறை வந்தது. வந்த நுரை காரணமில்லாமல் போகாது.

காரணம் மறுநாள் காலையில், ஒரு நோயாளியின் வாயில் கிடைத்தது. முன்பல்லின் முனை உடைந்த பெண். புதுப் பூச்சை ஒட்டவைக்கப்போகும் நேரத்தில், அவள் உதட்டில் அப்பியிருந்த உதட்டுக்களிம்பு பல்லில் தொட்டுவிட்டது. "அய்யோ, ஒரு நிமிஷம்" என்று பல் டாக்டர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். "எண்ணெய்ப்பசை கொஞ்சம் பட்டாலும் போச்சு. ஒட்டவே ஒட்டாது."

சொல்லி முடித்தவள் அப்படியே நின்றாள். குமிழியில் அழுக்கு ஒட்டவேண்டும். குமிழி குமிழியோடு ஒட்டி நிற்கவேண்டும். நேற்று அத்தான் குலுக்கிய தன் கையின் பூ வாசனை, கழுவியும் போகாமல், இன்னும் மூக்கில் நின்றது.

நோயாளியை அனுப்பிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டாள். "அத்தான் கையில என்னக்கா தடவுறாரு?"

"எதைக் கேக்குறே? காலையில தடவுறதா, சாப்பிட்டதும் தடவுறதா, ஆளைப் பாக்குறதுக்கு முன்னாடி தடவுறதா?"

"எல்லாம் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். நான்தான் பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி வாங்கிக் குடுத்தேன். ஏன், உனக்கும் வேணுமா?"

"வேண்டாம்க்கா. மீனுக்கே வேண்டாமாம்."

அத்தானிடம் உண்மையைச் சொல்லலாம்தான். சொன்னால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். மூன்று தூண் கட்டி மறுப்பார். அது முடிவதற்குள் மீன் செத்துவிடும். அதனால் மாலையில் அவர் சட்டைக் கையைச் சுருட்டியபோது, பல் டாக்டர் கையுறைப் பெட்டியோடு வந்து நின்றாள்.

"கிளினிக் விதி அத்தான். இங்க உறை போடாம யாரும் எதுக்குள்ளயும் கை விடக்கூடாது. வாயா இருந்தாலும் சரி, தொட்டியா இருந்தாலும் சரி."

அவர் முகம் மலர்ந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் போகும் நிபுணரைப்போல இரண்டு கைகளையும் நீட்டினார். அவளே மாட்டிவிட்டாள். நீலக் கையுறையோடு அவர் ஜன்னல் கண்ணாடியில் தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டதையும் அவள் கவனித்தாள்.

சனிக்கிழமை காலை நுரை ஏறியிருந்தது. மதியத்துக்குள் கிண்ணத்தின் அடி மறைந்தது. பெரிய மீன் பாறையைவிட்டு வெளியே வந்து, தீனியைச் சின்னவனின் வாயிலிருந்தே பிடுங்கித் தின்றது. குப்பியில் நிறம் மஞ்சளுக்குத் திரும்பியிருந்தது. கலப்படமில்லாத மஞ்சள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் வந்தார், சொன்னபடி வாளியோடு. வாளியை வாசலருகே வைத்தார். யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே கிண்ணத்தைக் கழற்றி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஆழமாக முகர்ந்தார்.

"நல்ல நாத்தம்" என்றார்.

அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது என்று பல் டாக்டருக்குப் புரிந்தது. அத்தானுக்கும் புரிந்துவிட்டது, அதுதான் வினை. அவர் உடனே முன்னால் வந்தார்.

"ஆரம்பத்துலேர்ந்தே எனக்கு இந்தக் கருவி மேல ஒரு நம்பிக்கை. கசடு வெளிப்படையா தெரியணும், அதான் நம்ம கொள்கை..."

"வியாழக்கிழமை சுவத்துல வேற கொள்கை இருந்துச்சே" என்றாள், நாற்காலியில் உட்கார்ந்து கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த அக்கா.

"அது வரைவு" என்றார் அத்தான். கடைக்காரரிடம் கைகுலுக்க வேண்டியிருந்ததால், வந்ததும் மாட்டியிருந்த கையுறையைக் கழற்றினார். குலுக்கினார். குலுக்கிய வேகத்தில், "இந்த இடத்துல நீரோட்டத்தைப் பாருங்க" என்று, பல் டாக்டர் "அத்தான்!" என்று கத்துவதற்குள், வெறுங்கையை மணிக்கட்டுவரை தண்ணீருக்குள் விட்டுவிட்டார்.

முதலில் வந்தது பெரிய மீன். பாறையிலிருந்து அம்புபோலப் பாய்ந்து அவர் ஆள்காட்டி விரலை ஒரு கடி கடித்தது. அத்தான் "ஆ" என்று கையை உதறினார். அடுத்தது நுரை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கிண்ணத்தின் விளிம்பில் கம்பீரமாக நின்ற நுரை தளர்ந்தது; கழுத்துக்கு இறங்கியது; காற்றுப்போன பலூன்போலச் சுருங்கிக் குழாய்க்குள் படுத்துவிட்டது.

கடைக்காரர் நுரை இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு தன் வலது கையை மூக்கருகே கொண்டுபோனார். பூ வாசனை. பிறகு வாளியைப் பார்த்தார்.

"வாளியைப் பாக்காதீங்க, தண்ணியைப் பாருங்க" என்றாள் பல் டாக்டர். "அவர் கைக்கிரீம் பட்டா நுரை படுத்துடும். நாளைக்குக் காலையில எழுந்துக்கும். வெளியூர் போனப்ப எழுந்துச்சு, வந்தப்ப படுத்துச்சு, உறை போட்டப்ப மறுபடி எழுந்துச்சு. மெஷின்ல கோளாறு இல்லை, என் தண்ணியிலயும் இல்லை. சோதிச்சுக்குங்க."

கடைக்காரர் தன் பையிலிருந்து சொந்தக் குப்பியை எடுத்தார். சொட்டு விட்டார், குலுக்கினார், வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார்.

"மஞ்சள்" என்றார்.

"எலுமிச்சை மஞ்சள் இல்லை, வாழைப்பழ மஞ்சள்" என்று திருத்தினாள் அவள். அவர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வாளியை எடுத்து அத்தானின் கையில் கொடுத்தார்.

"இதை நீங்க வச்சுக்குங்க. கை கழுவ உதவும்."

அக்கா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த கணக்குத் தாள்கள் தரையெங்கும் பறந்தன.

அத்தான் நொந்துபோனார் என்று யாராவது நினைத்தால் அவரைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். அடுத்த வாரமே மேலாளர்களுக்கான அவருடைய வகுப்பில் நான்காவதாக ஒரு தூண் முளைத்தது. 'தலைவன் தலையிடாதிருத்தல்' என்று அதற்குப் பெயர். அதை விளக்க முழு மதியமும் எடுத்துக்கொண்டார்; கேள்வி கேட்க ஒருவரையும் விடவில்லை.

மாலைகளில் இப்போதும் கிளினிக்குக்கு வருகிறார். நீலக் கையுறையைத் தானே கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, காத்திருக்கும் நோயாளிகளுக்கு நுரையின் தத்துவத்தை முதலிலிருந்து விளக்குகிறார். கிண்ணத்தை மாதிரிக்கு எடுத்து மூக்கருகே நீட்டவும் செய்கிறார். கண்ணாடிக்குப் பின்னால் பெரிய மீனும் சின்னவனும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன.

பல் டாக்டர் தொட்டி வைத்த நோக்கம் நிறைவேறிவிட்டது. போன் பேசப் போகிறேன் என்று இப்போது யாரும் எழுந்து வாசலுக்குப் போவதில்லை. உள்ளே துளைப்பான் சத்தம் நின்று, "அடுத்தவங்க" என்று அவள் குரல் கொடுக்கவேண்டியதுதான் தாமதம். "நான்தான், நான்தான்" என்று இரண்டு பேராவது ஒருவரையொருவர் முந்திக்கொண்டு உள்ளே ஓடிவருகிறார்கள்.